பதினோராவது ஸ்லைடு

கண்டக்டர் என் விரல்களைப் பார்த்து
"என்ன மதினி, வீட்ல விசேஷமா?" என்பார்.
மருதாணி என்று நினைப்பு.
கார்பால் ஃபுக்சின், அண்ணாச்சி.
சோப்பு போட்டாலும் ரெண்டு நாள் நிற்கும்.

முக்கூடல் ஆஸ்பத்திரிப் பின்கட்டில்
கொசுவலை கிழிந்த ஜன்னலோரம் என் மேஜை.
அன்று காலை வந்தது பத்து டப்பா.
எட்டுப் பேர் பீடி சுற்றுகிறவர்கள்,
ஒருத்தன் லாரி கிளீனர்,
ஒருத்தி பத்தாம் வகுப்பு.

குச்சியால் தொட்டு, தேய்த்து, காயவிட்டு,
தீயில் மூன்று தரம் காட்டி
சிவப்பை ஊற்றுவேன்.
அடியில் சுடர் பிடித்தால் ஆவி எழும்பவேண்டும்,
கொதிக்கக் கூடாது.
தோசைக்கல் பதம் தெரிந்தவளுக்கு இது வரும் என்று
பயிற்சியில் சொன்னார்கள்.
எனக்குத் தோசை வராது. இது வந்தது.

அப்புறம் அமிலம்.
சளி, அணு, மற்றக் கிருமி எல்லாம்
வாங்கின நிறத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும்.
மெழுகுத் தோல் போட்ட ஒன்று மட்டும்
அமிலம் கேட்டாலும் கொடுக்காது.
கொடுத்தவர்களுக்கெல்லாம் நீலம் போர்த்துவோம்.
நீலத்துக்குள் சிவப்பாய் ஒரு கீற்றுக் கிடந்தால்
அதுதான்.

அன்று பத்திலும் கிடந்தது.

ஏழாவதைத் தொடும்போதே ஜெபக்கனி
ரிஜிஸ்டரில் சிவப்புப் பேனாவை மூடுவதை விட்டுவிட்டாள்.
"ஏளா, ஊரே இருமுதா?"
வெளியே பெஞ்சில் பூலம்மாள்,
இன்னும் ஐநூறு சுத்தணும்,
வெரசா விடுங்கம்மா என்கிறாள்.
சீட்டைக் கொடுத்தால் மாத்திரை கிடைக்கும்.
கடையில் இலை கிடைக்காது.

பத்தாவதில் திருகை அசைத்தேன்,
ஒரு மயிரிழை.
கீற்றுத் தெளியும்போது
அணுக்கள் மங்கின.
அணுக்கள் தெளிந்தபோது
கீற்று மங்கியது.
இன்னொரு தரம் திருகினேன்.
இரண்டும் ஒரே தரையில் இல்லை.
இது சளியில் பிறந்தது இல்லை.
மிதந்து வந்து மேலே இறங்கியது.

எங்கிருந்து?

புது ஸ்லைடு எடுத்தேன், யார் சளியும் படாதது.
நாங்கள் கழுவுகிற குழாயைத் திறந்து
ரெண்டு சொட்டு விட்டுக் காயவைத்தேன்.
சிவப்பு. அமிலம். நீலம்.
பெயர் எழுதும் இடத்தில் என்ன எழுத?
பதினொன்று என்று மட்டும் போட்டேன்.

இருந்தது.
தாமிரபரணி ஏறி வருகிற மொட்டைமாடித் தொட்டியில்
கழுவி எத்தனை வருஷமோ,
பாசியோடு பாசியாய்
யார் நெஞ்சையும் அரிக்காமல் கிடக்கிற
ஏதோ தூரத்துப் பங்காளி.
முகச்சாயல் மட்டும் அதே.

மாசானம் அம்பாசமுத்திரம் போய்
காய்ச்சி வடித்த தண்ணீர்க் கேனை
பைக்கில் கால் நடுவே வைத்துக்கொண்டு வந்தான்.
சோறு டப்பாவிலேயே காய்ந்தது.
முதலிலிருந்து எல்லாம்: குச்சி, தீ, ஆவி.
சாயங்காலம் நாலு மணி வரை
காகிதத்தில் பத்துப் பேருக்கும் வியாதி.

ஒன்று, நீலம். இரண்டு, நீலம்.
மூன்றில் நூறு இடம் பார்த்தேன், நீலம்.

நான்கு.
கொத்தாகக் கிடந்தது.
திருகை எந்தப் பக்கம் திருப்பினாலும்
அணுவோடு தெளிந்து, அணுவோடு மங்கியது.
உச்சிமாகாளி, வயது பத்தொன்பது, கிளீனர்.

மீதி ஆறும் நீலம்.
ஒன்பது பெயரை அடித்து
ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.
பூலம்மாள் சீட்டைப் பார்க்கக்கூட இல்லை,
ஒண்ணுமில்லைதானே என்று நடந்துகொண்டே கேட்டாள்.

பதினொன்றில் சிவப்பைப் பார்த்த நிமிஷம்
பத்துப் பேருக்கும் சேர்த்து
நான் மூச்சு விட்டிருந்தேன்.
ஒரு மூச்சைத் திருப்பி வாங்கவேண்டி வந்தது.

அவன் பெஞ்சில் காதில் பாட்டு மாட்டியிருந்தான்.
கை கழுவிவிட்டுக் கூப்பிடலாம் என்று
குழாயைத் திறந்தேன்.
தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது.